பச்சமுத்து மற்றும் பிறர், 2009

பதவி உயர்வுப் படிவத்தின் ஒன்பதாம் பக்கம்
என் எச்-இன்டெக்ஸ் கேட்கிறது.
எட்டுக்குக் குறைந்தால் பத்தாம் பக்கத்துக்குப் போகவேண்டாம்.

யாருடைய எச்-இன்டெக்ஸ்?
தகவல்தளத்தில் நான் மூன்று பேர்.
மாதேஸ்வரி பி. என்பவளுக்கு நான்கு.
மாதேஸ்வரி பச்சமுத்து, ஒற்றைக் கட்டுரைக்காரி, ஒன்று.
மூன்றாமவர் எம். பச்சமுத்து.
அவருக்குத்தான் ஆறு.
யாரோ ஒரு பல் மருத்துவரின்
ஈறுவீக்க ஆய்வு இரண்டும் அவர் கணக்கில் கிடக்கின்றன.

இன்ஷியலை எங்கே வைப்பதென்று தெரியாத உலகம்
அப்பாவைக் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டது.
சிலியில், கிராக்கோவில், கியோட்டோவில்
பச்சமுத்து காட்டியபடி என்று எழுதுகிறார்கள்.
பச்சமுத்து
வெள்ளக்கல்பட்டி எடைமேடையில்
மேக்னசைட் லாரிகளுக்குச் சீட்டு எழுதியவர்.
புருவத்தில் இன்னும் வெள்ளை;
கல்மாவா வயதா என்று அவருக்கே சந்தேகம்.
அவர் வானத்தைப் பார்ப்பது
கொடித்துணியை எடுக்கலாமா என்று முடிவுசெய்ய.

2009இன் கதை இது.
நாகலூரில், காப்பி உலர்த்தும் களத்தோரம்,
தகரக் கூரையைத் தள்ளித் திறந்து
ஓர் இரட்டை விண்மீனில் ஒன்றை ஒன்று மறைக்கும் கணத்தை
பதினான்கு மாதம் அளந்தேன்.
மறைப்பு பிந்தியது, பிறகு நேரத்துக்கு வந்தது,
மறுபடி பிந்தியது.
மூன்றாவதாக ஏதோ அங்கே சுற்றுகிறது என்றேன்.
கிரகம் என்ற சொல்லையும்
ஒரு கேள்விக்குறியைத் துணைக்கு அனுப்பி
உள்ளே விட்டேன்.

பிந்தியது விண்மீன் அல்ல.
என் கணினியின் கடிகாரம்.
மலையில் மின்சாரம் போகும்போதெல்லாம்
அது கொஞ்சம் தூங்கி எழுந்திருக்கிறது.
எப்போதாவது நினைவு வந்து நான் திருத்துவேன்.
தூக்கமும் திருத்தமுமாக ஏறி இறங்கிய வளைவை
ஒரு கிரகத்தின் நடை என்று நம்பினேன்.

நாற்பத்தொரு மேற்கோள்.
முப்பத்தாறு இப்படி:
பச்சமுத்து பிழையைத் தவிர்க்க.
பச்சமுத்துவின் கடிகாரத்தைப் போல.
எச்சரிக்கைக்கு, காண்க பச்சமுத்து.
ஒரு பாடநூலின் அடிக்குறிப்பிலும்
எடைமேடைக்காரர் ஏறிவிட்டார்.

பிறகு சீட்டுப் பணம் எடுத்து
ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கினேன்.
அதே விண்மீன். பதினோரு வருடம்.
பனிமூட்டம் கூரைக்குள் வந்து உட்கார்ந்த இரவுகள் போக,
களத்தில் காட்டெருமை படுத்து வழிவிடாத மூன்றும் போக,
கீழே இரும்பாலைப் பக்கம் வானம் செம்பாகிக்
கெடுத்த ஒளியளவைத் திருத்தியது போக,
அறுநூற்றுப் பன்னிரண்டு இரவு.
எதுவும் சுற்றவில்லை. எதுவும் பிந்தவில்லை.
அரை நொடிக்குள் சுத்தம் என்று அச்சிட்டேன்.
மேற்கோள் இரண்டு.
இரண்டும் நானே.

இவர்கள் அனைவரும் ஒருவரே
என்றொரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தினேன்.
எட்டு வந்தது.
பல் மருத்துவரை இறக்கிவிட்டால் ஏழு.

அவரை ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன்.
அவருக்கும் ஒரு ஒன்பதாம் பக்கம் இருக்கும்.

சாயங்காலம் அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.
உங்க பேர் நாற்பத்தொரு இடத்துல அச்சாகியிருக்குப்பா.
பேர் அச்சாவது என்றால் அவருக்குத் தெரிந்தது
நகைக்கடன் ஏல அறிவிப்பு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
"எந்த பேங்க்குல கண்ணு?"

சிக்னல் போய்விட்டது. மேகம் ஏறியிருந்தது.
படிவத்தில் ஏழு என்று எழுதி
ஒன்பதாம் பக்கத்தோடு மடித்து வைத்தேன்.

ஒரு மணிக்கு மேகம் வழிந்து இறங்கியது.
கூரையைத் தள்ள லூர்துமேரி வந்தாள்.
அவள்தான் 'மற்றும் பிறர்'. 
இரண்டு பதினான்குக்கு மறைப்பு.
இரண்டு பதினான்குக்கே வந்தது.

விடியலில் போன்.
ராத்திரி முழுக்க தூங்கவில்லையாம்.
"அந்த நாப்பத்தொண்ணுல ஏதாச்சும் கட்டியிருக்கமா?"

ரெண்டு கட்டியாச்சுப்பா, என்றேன்.