இருபத்து நான்கு வாஷர்கள்

ஷ்வைட்ஸர்ஹாலெ, காலை நாலரை.
ரைன் மேலே பனிமூட்டம்,
தொழிற்சாலையின் மூச்சும் அதில் பாதி.
அமிலக் கலனைக் காலி செய்து, கழுவி,
மறுபடியும் கழுவி, காற்று ஊதி
என்னை இறக்கினார்கள்.

உள்ளே டாண்டலம்.
எஃகுச் சுவருக்கு உள்பாவாடை போல
அரை மில்லிமீட்டர்த் தகடு.
சாம்பல் நிறம். விளக்கைச் சாய்த்தால் கொஞ்சம் நீலம்.
கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்
பதினோரு வருடமாக நக்கிப் பார்த்த தகடு.
தங்கத்தைக் கரைக்கும் இராஜ திராவகமே
இதன் முன்னால் கைகட்டி நிற்கும்.
இதில் வீரம் எதுவும் கிடையாது.
காற்றுப் பட்ட கணமே
தன் மேல் ஒரு துருவைத் தானே போர்த்திக்கொள்கிறது,
கண்ணுக்குத் தெரியாத துரு.
கீறினால், கீறிய இடத்தில் மறுபடியும்.

பெயர் வைத்தவர் கிரேக்கக் கதை படித்தவர்:
கழுத்தளவு நீரில் நின்றும்
ஒரு மிடறு குடிக்க முடியாத அரசன்.
எனக்கென்னவோ
இதைப் பார்த்தால் தாகம் ஞாபகம் வருவதில்லை.
பசித்த வயிற்றோடு போன வீட்டில்
"இப்பத்தான் சாப்பிட்டேன்" என்போமே,
அந்த முகம்.

கீழ் வளைவில் ஒரு தலைமுடி.
துடைத்தேன், போகவில்லை.
கையுறை விரலால் அழுத்தினேன்.
வளைய வேண்டிய தகடு
அப்பளம் போல உடைந்தது.

பக்கத்தில் ஒரு வட்டத் தழும்பு.
வாஷர் அளவு.
வாஷர் இல்லை, அது கரைந்து மாதங்கள் ஆகியிருக்கும்.
இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் பிறக்கும்,
தொட்டுக்கொண்டிருந்த தகட்டுக்குள்
கதவு தட்டாமல் போய் உட்காரும்.
அணுக்களில் எல்லாம் இலேசானது.
தகடு நிறம் மாறாது, மெலியாது,
வளைவதை மட்டும் மறந்துவிடும்.

போன அக்டோபர் பராமரிப்பு.
கழற்றியவை இருபத்து நான்கு,
திரும்ப எண்ணியவை இருபத்து நான்கு,
கீழே கையெழுத்து.
ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில்
எண்ணாமல் எழுதிய நாலின் வால்
இன்னும் கண்ணில் நிற்கிறது,
என் நாலுக்கு மட்டும் அப்படி வால் நீளும்.

மேலே வாய்த்துளையில் ரேத்தோவின் தலை,
பின்னால் விடியும் வானம்.
"என்ன, அமிலமா?"

"இல்லை" என்றேன்.

அடுத்த சொல்லுக்கு
ஏணியில் ஒன்பது படி இருந்தது.