வேறு ஏதும்?

ஜம்பட்டா வீதியில், அடகுக் கடைக்கும்
பாண் பேக்கரிக்கும் நடுவில்
முப்பத்தொரு வருஷம் நம்பர் துண்டு கொடுத்தவள் நான்.
படியேறும் கால்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கடன் என்று.

டொக்டர் யோகாம்பிகை வந்த புதிதில்
மற்ற டொக்டர்மாரைப் போலத்தான்:
மேசைக்குப் பின்னால் கதிரை,
மூன்று நிமிஷம், ஒரு சீட்டு, அடுத்தது.

புளூமெண்டால் பக்கமிருந்து ஜெஸிந்தா வந்தாள்.
பிள்ளைக்கு இருமல் என்றாள்.
அடுத்த மாதம் பிள்ளைக்குச் சொறி.
பிறகு மாமியின் சுகர்.
ஒவ்வொரு தரமும் கதவுக் கைப்பிடியில் கைவைத்து
ஒரு நொடி நின்றாள். போனாள்.
நானும் பார்த்தேன். கூப்பிடத்தான் இல்லை;
அடுத்த துண்டுக்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

மஹரகமையிலிருந்து கடிதம் வந்தபோது
கர்ப்பப்பை வாயில் தொடங்கியது
போகக்கூடாத இடமெல்லாம் போயிருந்தது.

அன்று மத்தியானம் டொக்டர் சாப்பிடவில்லை.
கதிரையைத் தானே தூக்கி
கதவடியில் கொண்டுபோய் வைத்தார்.
"கதைக்கிற இடம் இதுதான், பிலோ.
நான்தான் தூர இருந்திருக்கிறன்."

வியாழன் பின்னேரம் பெண்களுக்கு மட்டும் என்று
பலகை எழுதினோம், இரண்டு மொழியில்.
முதல் வியாழன் ஒருத்தியும் வரவில்லை.
இரண்டாவது வியாழன் ஒருத்தி, மழைக்கு ஒதுங்கியவள்.
பச்சைத் திரை, வெந்நீரில் இளஞ்சூடாக்கிய கருவி,
அவசரப்படாத கை.
அவள் போய்த் தன் தோட்டத்தையே கூட்டி வந்தாள்.

மனைவிக்காக வாய் திறக்கும் புருஷன்மாரை
டொக்டர் தண்ணீர்ப் போத்தல் வாங்க அனுப்புவார்.
எதிர்க்கடை முதலாளிக்கு நல்ல வியாபாரம்.
வெள்ளைப்படுதல் என்ற சொல்
தடிமன், தலையிடி போல
எங்கள் டிஸ்பென்சரியில் சத்தமாய்ப் புழங்கியது.

பயிற்சிக்கு வந்த கம்பஸ் பையன் ஒருவன்
கதவுக்கும் கதிரைக்கும் இடையை டேப் பிடித்து அளந்தான்.
டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
அளந்துகொண்டு போகட்டும்,
இன்னொரு ஊரில் இன்னொரு கதிரை நகரட்டும்.

நேற்றுக் கடைசி நாள்.
கேக் வெட்டினோம். மாலை வேண்டாமென்றார்.
ஜெஸிந்தாவின் அட்டையை மட்டும் கைப்பையில் வைத்தார்.
சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு
நான் கதவடிக்குப் போனேன்.

"வேறு ஏதும், பிலோ?"

ஊருக்கெல்லாம் துண்டு கிழித்தவள்,
எனக்கென்று ஒன்று எடுத்ததில்லை.
கைப்பிடி குளிர்ந்திருந்தது.
வெளியே மட்டக்குளி பஸ் ஹோர்ன் அடித்துப் போனது.
"ஒரு எட்டு மாசமா..." என்றேன்.

டொக்டர் கேக் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு
கதிரையை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.