குறிகாட்டுவானில் ஒரு கறுப்புத் திரை

சமையல் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.
போன் நூற்றித் தொண்ணூறு கிராம்.
மற்றது முந்நூற்றிப் பத்து,
பின்மூடியை இழுத்துப் பிடித்திருக்கும்
ரப்பர் வளையத்தோடு சேர்த்து.

நெடுந்தீவுக்கு இரண்டு நாள்.
ஒன்பது கிணறு, ஒன்பது உப்புமானி.
பையில் ஒன்றுக்குத்தான் இடம் என்பது
நானே போட்ட சட்டம்.
கேதாரகௌரி சிரித்தாள்:
"உனக்கென்ன விசரே? போனைக் கொண்டு போவன்.
படம் எடுக்கலாம், வள்ளத்துக்கு நேரம் கேக்கலாம்.
உந்தச் சோப்புப்பெட்டி என்னத்துக்கு?"

சோப்புப்பெட்டிதான்.
லினக்ஸ் ஓடும் சோப்புப்பெட்டி.
பயறளவு விசைகள்; வெயிலில் திரை தெரியாது;
நாலு மணித்தியாலத்தில் பேட்டரி படுத்துவிடும்.
ஆனால் உப்புமானியின் வயரைச் செருகினால்
பிறந்த திகதி கேளாது,
எதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லாது,
கிணற்றின் ஆறு மாதத்தையும்
வரி வரியாகக் கொட்டும்.

போனைக் குளிர்ப்பெட்டியின் மேல் விட்டு வந்தேன்.
பஸ் பண்ணைப் பாலம் தாண்டும்வரை
தொடையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது,
இல்லாத போன்.

இறங்குதுறையில் பை திறந்து பார்த்தார்கள்.
எனக்கு முன்னால் நின்றவரிடம் மூன்று போன்.
மூன்றையும் தொடாமலே அனுப்பினார்கள்.
அந்த மூன்றும் அந்த நிமிடம்
எந்தெந்தத் தேசத்துக்கு
எதையெதைச் சொல்லிக்கொண்டிருந்தனவோ.
ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாத என்னுடையதை
இரண்டு விரலால் தூக்கினான் கடற்படைப் பையன்.
"மே மொகக்த?"
பிறகு தமிழில்: "இது என்ன, அக்கா?"

கம்பியூட்டர் என்றேன்.
கம்பியூட்டர் இப்படி இராது என்று
அவன் முகத்தில் எழுதியிருந்தது.
கறுப்புத் திரை.
அதில் ஒரு வெள்ளைக் குறி, விட்டு விட்டு.
மினுங்கும் சின்னப் பெட்டிகளுக்கு
இந்தப் பக்கத்தில் ஒரு காலம்
வேறு அர்த்தம் இருந்தது.
அப்போது அவனுக்கு ஐந்து வயது இருக்கலாம்.
எனக்கு உயர்தரச் சோதினை.

வள்ளம் ஹோன் அடித்தது.

"பேரை அடியுங்கோ, தம்பி."
வேறு என்ன சொல்ல.
ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில்,
இந்துனில் என்று அடித்து எண்டரைத் தட்டினான்.
பெட்டி உடனே பதில் சொன்னது.
நான் தமிழில் வாசித்தேன்:
இந்துனில், அப்படி ஒரு கட்டளை இல்லை.

அவன் நெற்றி சுருங்கியது.
பின்னால் ஐஸ்பெட்டியோடு நின்றவர் முதலில் சிரித்தார்,
பிறகு அவன்.
பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.
"கட்டளை நிறைய இருக்கு, அக்கா," என்றான்.
"எல்லாம் மேலே இருந்து வாறது."
பெட்டியை நேராகவே பையில் வைத்துத் தந்தான்.

ஏழாவது கிணற்றில் உப்பு இரட்டித்திருந்தது.
பவளக்கல் மதிலில் குந்தியிருந்து
அந்த எண்ணை மூன்று தரம் கேட்டேன்,
மூன்று தரமும் அதையே சொன்னது.
மட்டக்குதிரைகள் பத்துப் பன்னிரண்டு
ஒன்றும் எடுக்காத என்னைக் கடந்து போயின.
ஒரு குட்டிக்கு வலக்காது மடிந்திருந்தது.
இதற்கு நான்தான் சாட்சி, வேறு படம் இல்லை.

திரும்பும் வள்ளம் முந்தியே போய்விட்டது.
துறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது,
காலையே குழுவில் போட்டார்களாம்.
காறுவாட்டு மணத்தில் மூன்று மணித்தியாலம்
அடுத்ததற்குக் காத்திருந்தேன்,
செத்த பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு.

வீட்டில், போனில் அறுபத்துநாலு செய்தி.
ஒன்று கேதாரகௌரி:
"வள்ளம் நேரத்தோட வெளிக்கிடுதாம். ஓடி வா."

இரவு பெட்டியைச் சார்ஜில் போட்டு
மேல்நோக்கிய அம்பை அழுத்தி
பழைய கட்டளைகளைத் தேடினேன்.
கிணறு, கிணறு, தேதி, பிழை, கிணறு.
நடுவில் அவன் பெயர்.
அழிக்கவில்லை.

அடுத்த மாதம் அனலைதீவு.
தராசைத் துடைத்து
மா டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.