டி.சி. ஆவுடையப்பனுக்கு ஏற்றிய பை

நைட்ரஜன் தொட்டியைத் திறந்தால்
முதலில் வருவது புகை.
பிறகு பெட்டி, பெட்டிக்குள் பை,
பைக்குள் யாரோ ஒரு பிள்ளையின்
தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து
பதினைந்து நாள் ஊட்டி வளர்த்த செல்கள்.
அந்தப் பிள்ளை இப்போது
தானேயிலோ தஹிசரிலோ
இரண்டாம் வகுப்பில்
ஸ்கேலைத் தொலைத்துவிட்டு விழித்துக்கொண்டிருக்கலாம்.
எனக்குத் தெரிந்தது பதினோரு இலக்க எண் மட்டும்.

முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் பையை மெல்ல ஆட்ட வேண்டும்.
கடைசிப் பனித்துண்டு
சுண்டைக்காய் அளவு ஆனதும் எடுத்துவிட வேண்டும்.
அதன்பின் அரைமணி நேரம்தான்.

பரேலில் அன்று மழை. லிஃப்ட் முன்னால் வரிசை.
ஐந்து மாடி படியேறினேன்
பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
குழந்தையைப்போல என்று எழுதினால் பொய்.
குடத்தைப்போல.
தாராவியில் வளர்ந்த இடுப்பு
வேறெதை நினைக்கும்?

பதினான்காம் படுக்கை. வயது அறுபத்து மூன்று.
சென்ட்ரல் லைனில் முப்பத்தோரு வருடம் டி.சி.
லிம்போமா மூன்றாம் முறை திரும்பியிருந்தது.

'என்ன செய்யும்மா இது?'

இயற்கைக் கொல்லி என்ற பெயரை விழுங்கிவிட்டு
விஷயத்தை மட்டும் சொன்னேன்:
நல்ல செல் ஒவ்வொன்றும் தன் மேல்
ஓர் அடையாளத்தை மாட்டிக்கொண்டு திரியும்.
இது எதிரே போய் நிற்கும்.
காட்டினால் விட்டுவிடும்.
காட்டாததைத் துளைத்துக் கொல்லும்.

'அட, நம்ம டிபார்ட்மென்ட்டு!'
சிரித்தார். சிரிப்பு இருமலானது.
'கள்ள பாஸ் வச்சிருந்தா?'

வச்சிருக்கிறது ஐயா, அதனால்தான் இத்தனை நாள் தப்பித்தது.
அதற்குத்தான் இந்த ஆன்டிபாடி.
ஒரு கை இந்தச் செல்லைப் பிடித்திருக்கும்,
மறு கை புற்றின் சட்டைக் காலரை.
இரண்டையும் பைக்குள்ளேயே கோத்துத்தான் அனுப்புகிறோம்.

சொட்டு விழுவதையே பார்த்திருந்தார்.
பிறகு, யாரிடமோ சொல்வதுபோல்:

'நான் விட்டிருக்கேன்.
குர்லாவுல ஒரு மீன்கூடைக்காரி.
பரீட்சைக்கு ஓடுன பையன்.
கல்யாண் லோக்கல்ல நிறைமாசமா ஒருத்தி.
பாத்துட்டு, பாக்காத மாதிரி ஜன்னலப் பாப்பேன்.
உங்க செல்லுல
என்னய மாதிரி ஒருத்தன் இருந்தாம்னா
என் கதி?'

இருக்கும்.
சில செல்கள் கட்டிக்குப் பக்கத்தில் போய்
சும்மா நிற்கும்.
களைப்பு என்று எழுதுகிறோம் நாங்கள்.
அவரிடம் சொல்லவில்லை.

நான் ஐந்தாவது படிக்கையில்
எங்கள் கதவில் சிவப்பு பெயின்ட்டால் ஓர் எண் எழுதினார்கள்.
பக்கத்து வீட்டு மரகதவல்லி அக்கா கதவில்
பெருக்கல் குறி.
அவர்கள் ரேஷன் கார்டு எட்டு மாதம் பிந்தியது.
விடிகாலையில் வந்தார்கள், காகிதம் கேட்டார்கள்,
எங்களை விட்டுவிட்டார்கள்.
அக்காவின் கிரைண்டர் மழையில் நனைந்தது.
காகிதம் கேட்கும் எதைக் கண்டாலும்
இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

அப்படி ஒன்றைத்தான்
உருக்கி எடுத்து வந்திருக்கிறேன்,
இதற்காவது ஈவு இரக்கம் இருக்கக்கூடாதென்று
படிக்குப் படி வேண்டிக்கொண்டு.

இருபது நிமிடத்தில் பை ஒட்டிப்போனது.
அறையெல்லாம் பூண்டு வாசம்.
உறையவைக்கும் மருந்து மூச்சில் வருவது அது.
'யாரு இங்க ரசம் வைக்கிறது?' என்றார் அவர் மனைவி.
இரண்டு நாள் இருக்கும் என்றேன்.
செல்கள் இரண்டு வாரம்.
வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும்
அவை இந்த உடம்பில் தங்குவதில்லை.
ஸ்கேன் இருபத்தெட்டாம் நாள்.

திரும்புகையில் காட்கோபர் தாண்டி
லேடீஸ் பெட்டியில் டி.சி. ஏறினாள்.
என் பாஸ் நேற்றோடு முடிந்திருந்தது.
ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினேன். அசையவில்லை.
இருநூற்றைம்பது, டிக்கெட் காசு வேறு.
ரசீதை வாங்கிக்கொண்டு
விடாததற்கு ரொம்ப நன்றி என்றேன் மராத்தியில்.
ஒரு மாதிரி பார்த்துவிட்டு
அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள்.