காது

பெட்டி பிரிக்கும் வீடியோவே அனுப்பியிருந்தார்
மார்த்தாண்டத்து ஸ்டெல்வின்.
கத்தி, கிழியும் டேப்,
நான் திணித்த தினத்தாள் கசங்கல்.
ஜப்பான் பீங்கான் நாய்கள் இரண்டில்
ஒன்றுக்கு வலது காது இல்லை.

"கூரியர்க்காரன் தூக்கி எறிஞ்சிருப்பான்,
உங்களைக் குறை சொல்லல மேடம்.
துண்டும் பெட்டியில காணல,
கிடைச்சா ஒட்டிக்குவேன்."

விளம்பரத்தடியில் நான் போட்ட வரி இருக்கிறது:
வழியில் உடைந்தால் விற்பவர் பொறுப்பல்ல.
வழி எங்கே தொடங்குகிறது,
காளவாசல் கிளையிலா
கப்பலூர் டோல்கேட் தாண்டியா
என்று போடவில்லை.

அன்று குமிழ்த்தாள் தீரும் தறுவாய்.
வில்லாபுரத்தில் கரண்ட் வேறு இல்லை.
இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்றோடு நிறுத்தி
நாய்களை நெருக்கி அமுக்கி
டேப்பைப் பல்லால் கடித்தபோது
டிக் என்றது ஏதோ.
பல்லி என்று வைத்துக்கொண்டேன்.
காலண்டரைப் புரட்டி
பல்லி சொல்லுக்குப் பலன்கூடப் பார்த்தேன்.
தன லாபம்.

தையல் மிஷின் மிதிகட்டைக்கு அடியில்
துடைப்பம் போகாத இடத்தில்
வெள்ளையாய், மொச்சைக்கொட்டை அளவு.
பத்து நாளாக அங்கேயே கிடந்து
நான் போனில் சாமர்த்தியம் பேசியதை எல்லாம்
கேட்டிருக்கிறது.

பணத்தை ஜிபேயில் திருப்பிவிட்டேன்.
எங்கே கிடைத்தது என்பதை
நாலு முறை எழுதி அழித்து
ஐந்தாம் முறை அனுப்பினேன்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.

மூன்று சுற்று குமிழ்த்தாள்,
பஞ்சு, வளையல் டப்பா, அதற்கொரு பெட்டி.
கவுண்டரில் கூத்தபெருமாள் தராசில் வைத்தார்.
"காலிப் பெட்டியாக்கா?"
"காது."
"மதிப்பு எவ்ளோ போட?"

நாலாயிரத்து இருநூறு என்றேன்.
நிமிர்ந்து பார்த்துவிட்டு
போட்டார்.