அளவுப் புத்தகம்

வெலிங்டன் பஜார், அறுபத்தாறு.
மார்பு நாற்பத்திரண்டு, கை இருபத்தைந்தரை,
மேஜர் க்வாபெனா ஒஃபோரி, கானா.
முன்பணம் பதினைந்து ரூபாய்.

பிப்ரவரிப் பனி கருக்கிய காலையில்
ரேடியோ சொன்னது:
அக்ராவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது.

மறுநாள் கோட்டுப் போட்டுப் பார்க்க வந்தார்.
"ஜெயிச்சது உங்க ஆளுங்களா?"
பித்தான்களை எண்ணியபடி சொன்னார்:
"கோக்கோ விலை விழுந்துவிட்டது."
குன்னூர் ஏலத்தில் தேயிலை சரிந்தால்
கடன் நோட்டு தடிக்கும் கடை என்னுடையது.
மேற்கொண்டு கேட்கவில்லை.

"தோளில் இன்னொரு நட்சத்திரம் ஏறுமா?"
"இடம் விட்டுத் தையுங்கள்."

விட்டேன்.
பாக்கி தர அவர் வரவில்லை.
அந்த நாட்டில் பிறகு
பணம்கூட மாறிற்றாம்.

கோட்டு இங்கேதான் தொங்குகிறது,
தோளில் ஓரங்குலம் காலியாக.
அக்ரா என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம்
புது அந்துருண்டை வைக்கிறேன்.