சொந்தக் காரணங்கள்

தேசம்மாள் என்பதற்கு
டி மட்டும் போதுமா, டி-எச் வேண்டுமா என்று
சூரியநாராயண செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைப் பையன் கேட்கிறான்.
ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று.
என் பிறப்புச் சான்றிதழிலோ அவள் தேசராணி.
ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் எழுதிக்கொண்ட நர்ஸ்
அன்று என்ன மனநிலையில் இருந்தாளோ.

மூவரும் ஒருத்திதான் என்று
நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும்.
ஒன்பது வருடம் முன்பும் செய்தேன்.
இவள் என் அம்மாதான் என்று
ஒரு நாடு ஒப்புக்கொண்டு கார்டு கொடுத்தது.
கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு
முதலிலிருந்து நிரூபி என்கிறது.

"குட்த்துட்டு வந்தத திரும்பக் கேக்கறியே,
வெக்கமா இல்ல?"
முட்டிக்குள் இரண்டு கம்பியோடு
கட்டிலில் கால் நீட்டி இறால் உரிக்கிறாள்.
"வேணாம்னு தள்ளிவுட்ட கூடைய
மறுக்கா ஏலம் கேட்டா சிரிக்க மாட்டானுங்க?"

கொலம்பஸில் இரண்டு பனிக்காலம் இருந்தாள்.
"இம்மாம் ஐஸைக் கொட்றான், மீனு எங்கடி?"
நான் சிரித்தேன்.
அவள் நிஜமாகத்தான் கேட்டிருக்கிறாள்.

அப்புறம் போவதும் வருவதுமாக.
கடைசித் தடவை, சிகாகோவில் ஓர் அதிகாரி:
நீங்கள் இங்கேதான் வசிக்கிறீர்களா?
நான் எழுதிக்கொடுத்த பதில்
ரவிக்கைக்குள், பர்ஸில் மடித்திருந்தது.
அதை எடுக்கவே இல்லை.
போனில் வந்த மொழிபெயர்ப்பாளரிடம்
கால் மணி நேரம் பேசினாளாம்:
போட்டில் போட்ட காசு, முடியாத சீட்டு,
விடிகாலை ஏலம்,
அவள் மீன் வறுக்கிறபோதெல்லாம்
அந்தக் குளிரிலும் என் கணவர் திறந்துவைத்த ஜன்னல்.

ஜன்னல் சங்கதி எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

அந்த மனிதர் அதிகாரிக்குச் சொன்னது இரண்டே சொல்.
ஒப்படைப்புப் படிவத்தின் நகலில் இருக்கிறது:
சொந்தக் காரணங்கள்.
கீழே அவள் கையெழுத்து,
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே.

"பழசு ஒன்றும் குறுக்கே நிற்காது" என்கிறார் வக்கீல்.
"தானாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் நேர்மையானவர்கள்."
இதைச் சொன்னதும் அம்மா
"அதுக்கு எத்தினி டாலர் வாங்குனான்?" என்கிறாள்.

அடுத்த தாளில் நான் உறுதிமொழி தர வேண்டும்:
இவரால் அரசுக்குப் பாரம் வராது, நான் பொறுப்பு.
என் முதல் விசாவுக்கு
கழுத்தில் இருந்ததைக் கழற்றி
மார்வாடியிடம் வைத்தவளுக்கு
நான் ஜாமீன்.
படித்துக் காட்டினால், கை நிற்காமல்,
"அவன் வூட்ட வுட்டுப் போனப்பறம்தான
என்ன கூப்புடுற" என்கிறாள்.
பதில் சொல்ல எனக்கு
மொழிபெயர்ப்பாளர் யாரும் லைனில் இல்லை.

இன்னும் ஒரு கட்டம் பாக்கி:
அங்கே எந்த முகவரியில் வாழ உத்தேசம்?
என் முகவரியை உரக்கப் படிக்கிறேன்.
இறால் தலைகளை ஒரு தாளில் சுருட்டுகிறாள்.
நல்லவேளை, பழைய நகல்.
"எத்தினி மாசம் ஆவும்?"
"பதினஞ்சு. மேலயும் ஆகலாம்."
"அதுக்குள்ள காலு சரியாயிடும்" என்கிறாள்,
யாருக்கோ வட்டி தள்ளிக் கணக்கு முடிப்பதுபோல.
பிறகு,
"அத்த மட்டும் பென்சில்ல எழுது."

கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும் என்று
தாளின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது.
ஜெராக்ஸ் கடையில் பென்சில் இருக்குமா என்று கேட்கப்
படி இறங்குகிறேன்.